மானுக்கு நின்ற பிணை

(நம் குடியிருப்பு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக ஒன்றிரண்டு இடங்களில் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



நான் தமிழ் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி, உடுமலை, பள்ளப்பட்டி, கடைசியில் கோவை என்று கிளை கிளையாகப் போய் வந்ததுதான் என் படிப்பு. ஆகவே இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்க்காதீர்கள். கணக்கு எழுதியவன் பேச்சு கணக்கு மாதிரித்தான் இருக்கும்.

இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். காரணம் உங்களுக்கே தெரியும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி படிக்கும் கல்லூரியில் இஸ்லாமியத் தமிழ் மரபு நாள் என்று ஒன்று நடத்தியிருக்கிறார்கள். பாட்டு, பேச்சு, கண்காட்சி எல்லாம் இருந்ததாம். நம் பெண் சீறாப்புராணம் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறாள். வீட்டில் பெருமையாகப் படம் போட்டார்கள். கட்டை விரல்களும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் கேட்டார்: “படிக்க அனுப்பின இடத்துல இதெல்லாம் எதுக்குங்க? அவங்க மரபை அவங்க கொண்டாடட்டும், நம்ம புள்ளைங்களை ஏன் இழுக்கணும்?”

கேட்டவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். கேள்வியிலும் தப்பில்லை. பதில் சொல்லாமல் எல்லாரும் அடுத்த காலை வணக்கத்துக்குப் போய்விட்டோம், அதுதான் எனக்கு உறுத்தியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு மரியாதை. அந்தப் பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் “அவங்க மரபு” என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

நம் அசோசியேஷன் அலுவலகத்துக்குப் போய் எந்த ரிஜிஸ்டரையாவது திறந்து பாருங்கள். மாதச் சந்தா எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, ரசீது கொடுத்தாயிற்றா, அசல் பத்திரம் எங்கே, நகல் எங்கே, வீட்டுக்காரர் காலமானால் வாரிசு யார், வாட்ச்மேன் எத்தனை மணிக்கு ஆஜர். பொருளாளர் போன வருடம் கொடுத்தது என்ன? ராஜினாமா. இப்போது நான் சொன்ன சந்தா, வசூல், பாக்கி, ரசீது, அசல், நகல், வாரிசு, ஆஜர், ராஜினாமா எல்லாமே அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தமிழுக்கு வந்த சொற்கள். நவாபு காலத்து வரி நிர்வாகம் வழியாகச் சில வந்தன, கடைவீதி வழியாகச் சில வந்தன. ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜப்தி, ஜாமீன், கஜானா எல்லாம் அதே கூட்டம்தான். வங்கியில் அந்தக் காலத்தில் காசாளரை ஷராப் என்பார்கள். அதுவும் நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். இந்தச் சொற்களை எடுத்துவிட்டால் என்னுடைய சர்வீஸ் முழுவதையும் எந்த மொழியில் சொல்வதென்று எனக்கே தெரியாது.

வெறும் சொல் தானே என்பீர்கள். சரி, நூலுக்கு வருவோம்.

நம்மில் பலர் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழில் சீறாப்புராணத்திலிருந்து கொஞ்சம் படித்திருப்போம். கம்பராமாயணம் கொஞ்சம், தேம்பாவணி கொஞ்சம், சீறாப்புராணம் கொஞ்சம். பரீட்சை முடிந்ததும் மூன்றையும் ஒரே நாளில் மறந்திருப்போம். எழுதியவர் உமறுப் புலவர். 17-ஆம் நூற்றாண்டில் பிறந்து எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்களாக, 5,000-க்கு மேற்பட்ட பாடல்களில் பாடினார். பாடத் தூண்டி ஆதரித்தவர் கீழக்கரை சீதக்காதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே சீதக்காதி. அவர் காலமான பிறகு அபுல் காசிம் மரைக்காயர் என்பவர் புலவரை ஆதரித்தார்.

பேசும் பொருள் அரபு நாட்டினுடையது. ஆனால் உமறுப் புலவர் நாட்டுப் படலம் பாடும்போது பாருங்கள், ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். பாலைவனத்து ஊருக்குள் தாமிரபரணிக் கரையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். கம்பன் எப்படிக் கோசலத்துக்குள் காவிரி நாட்டைக் கொண்டுபோனானோ அப்படி. காப்பியம் என்றால் இப்படித்தான் பாட வேண்டும் என்பது தமிழ் வழக்கம். அந்த வழக்கத்துக்குள் நின்றுதான் அவர் தம் சமயத்தைப் பாடினார். அதோடு, தமிழில் முன்பு இல்லாத வடிவங்களையும் முஸ்லிம் புலவர்கள் கொண்டுவந்தார்கள். கேள்வி பதிலாகப் போகும் மசாலா, கதை சொல்லும் கிஸ்ஸா, இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்து, போர்க்கதையைப் பாடும் படைப்போர், நாமா எல்லாம் அப்படி வந்தவை. 1572-லேயே ஆயிர மசலா என்ற நூல் மதுரையில் அரங்கேறியிருக்கிறது. அன்றைக்குக் கோவை எவ்வளவு பெரிய ஊராக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பெண் கல்லூரியில் எடுத்துப் பேசியது, மானுக்குப் பிணை நின்ற படலம். கதை சின்னது. ஒரு வேடன் பெண் மானைப் பிடித்துக் கட்டிவிடுகிறான். அந்த வழியே நபிகள் வருகிறார். மான் அவரிடம் முறையிடுகிறது: என் குட்டி பசியோடு காத்திருக்கிறது, போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். வேடன் சிரிக்கிறான். காட்டுக்குள் விட்ட மான் திரும்பி வருமா? நபிகள் தாமே பிணையாக நிற்கிறார். மான் போகிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது, குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறிவிடுகிறான்.

பிணை என்றால் ஜாமீன். வங்கியில் வேலை பார்த்த எனக்கு இந்தப் படலம் மட்டும் மறக்கவே இல்லை. ஜாமீன் கையெழுத்து என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு இவர் கட்டவில்லை என்றால் நான் கட்டுகிறேன் என்று அர்த்தம். கூடப்பிறந்த அண்ணன் தம்பியே பேனாவை எடுக்கத் தயங்குவதை நான் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே ஒருவர், முன்பின் தெரியாத ஒரு மிருகத்துக்காக நிற்கிறார். இதைப் படிக்க ஒரு பிள்ளை முஸ்லிமாக இருக்க வேண்டுமா? தமிழ் தெரிந்தால் போதும்.

அடுத்த கேள்வி, கல்லூரியில் எதற்கு? கல்லூரியில்தான் இது நடந்து வந்திருக்கிறது என்பதுதான் பதில்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-ல் தொடங்கின. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி 1956, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971. இவற்றின் பின்னால் இருந்தது பெரும்பாலும் வியாபாரிகளின் பணம். தோல் வியாபாரம், கப்பல் வியாபாரம், மலைத்தோட்டம். ஜமால் முகமது கல்லூரியை உண்டாக்கிய இருவரில் ஜமால் முகமது சாகிப் தோல் வணிகர். இன்னொருவர் காஜாமியான் ராவுத்தர். திருச்சிக்காரர்களுக்குக் காஜா நகர் தெரிந்திருக்கும்.

பணம் வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகள் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதை வகுப்பறையாக மாற்றினார்கள். அந்த வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள், இன்றும் உட்காருகிறார்கள். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் ஆத்துப் பொள்ளாச்சியில் பிறந்த கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம் இன்டர்மீடியட் படித்தது திருச்சி ஜமால் முகமது கல்லூரியில். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் பல தலைமுறைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சாகித்திய அகாதெமி விருதை மொழிபெயர்ப்புக்கு ஒரு முறை, சொந்தக் கவிதைக்கு ஒரு முறை என இரண்டு தடவை வாங்கினார். கொங்கு நாட்டுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவருக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிட்ட இடங்களில் ஒன்று ஒரு தோல் வணிகரின் கொடை. எதிர்த்திசையிலும் பாருங்கள். ராமேசுவரத்து அப்துல் கலாம் பட்டம் வாங்கியது திருச்சி புனித ஜோசப் கல்லூரியில். இது தமிழ்நாட்டின் வழக்கமான வரவு செலவு. ஒரு வீட்டார் கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை படிப்பது நமக்கு அதிசயமே இல்லை.

1973-ல் ஜமால் முகமது கல்லூரியில் முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடந்தது. அறிஞர்கள் கூடிக் கட்டுரை படித்தார்கள். அதற்குப் பின் சென்னை, காயல்பட்டினம், கொழும்பு, கீழக்கரை என்று அந்த மாநாடு ஊர் ஊராகப் போனது. இதற்கு முன்னோடி ஒருவர் இலங்கையைச் சேர்ந்த ம.மு. உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி 1953-லேயே நூலாக வந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே பேராசிரியராக இருந்தார். பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதினார். ஏட்டிலும் பழைய அச்சிலும் சிதறிக் கிடந்ததை ஒரு பேரேட்டில் ஏற்றிய வேலை அது. பேரேட்டில் ஏறாத பணம் இருந்தும் இல்லாத மாதிரி என்பது வங்கியில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

நம் ஊரிலிருந்தும் ஒரு வரவைச் சொல்ல வேண்டும். 1971-ல் கோவையிலிருந்து வானம்பாடி என்ற கவிதை இதழ் வந்தது. தமிழ்ப் புதுக்கவிதையைச் சாதாரண வாசகரிடம் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சிற்பி, புவியரசு, ஞானி போன்றவர்களோடு அந்த இயக்கத்தில் சேர்த்து எண்ணப்படுபவர்கள் கவிக்கோ அப்துல் ரகுமானும் மு. மேத்தாவும். அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஆலாபனை என்ற நூலுக்காக 1999-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இன்குலாப். கல்லூரித் தமிழ்த் துறைகளில் இந்த மரபு நேற்று முளைத்ததில்லை.

இப்போது ஒரு சந்தேகம் வரும். இது தமிழ் மரபா, சமயப் பிரசாரமா? நியாயமான சந்தேகம். கோடு எங்கே என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தொழுகை பள்ளிவாசலில் நடக்கட்டும், பூசை கோயிலில் நடக்கட்டும், ஜெபம் சர்ச்சில் நடக்கட்டும். கல்லூரியில் யாரையும் எந்த நம்பிக்கைக்கும் இழுக்கக் கூடாது. ஆனால் ஒரு நூலைப் படிப்பதும், ஒரு சொல்லின் வேரைத் தேடுவதும், ஒரு கொடையாளியின் பெயரை நினைப்பதும் பிரசாரம் ஆகாது. அப்படி ஆகுமென்றால் கம்பனைப் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளையும், தேம்பாவணியைப் படிக்கும் இந்துப் பிள்ளையும் என்றோ மதம் மாறியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. நீதிபதி மு.மு. இஸ்மாயில். நாகூரில் பிறந்தவர், 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. அவர் அளவுக்குக் கம்பனை நுணுகிப் படித்துப் பேசி எழுதியவர்கள் குறைவு. சென்னைக் கம்பன் கழகத்தை நெடுநாள் முன்னின்று நடத்தினார். ஒரு முஸ்லிம் ராமாயணம் பேசுகிறாரே என்று சபையில் யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் இடம் பிடிக்கப் போட்டி இருந்தது. அவருக்கும் முன்னால் கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று தமிழ்நாடே இரண்டு கட்சியாக நின்றபோது, அருட்பாதான் என்று மேடை மேடையாக வாதாடியவர் அவர். சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினார். பழைய காலத்துக்குப் போனால் அருணகிரிநாதர் முருகனையே மயிலேறும் ராவுத்தன் என்ற பொருளில் பாடியிருக்கிறார். குதிரை வீரனுக்கு அன்று தமிழ்நாட்டில் வழங்கிய பெயர் அது. திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால் ராவுத்தர் காவல் தெய்வமாக நிற்கிறார்.

ஆகவே “அவங்க மரபு, நம்ம மரபு” என்று இரண்டு தனிக் கணக்கு இங்கே கிடையாது. கூட்டுக் கணக்கு. அதில் ஒருவர் போட்டதையும் இன்னொருவர் எடுத்ததையும் முந்நூறு நானூறு வருடத்துக்குப் பிறகு பிரித்துக் கொடு என்றால் எந்த மேனேஜராலும் முடியாது.

கொண்டாடுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய விழாக்களில் பெரும்பாலும் என்ன மிஞ்சுகிறது? பிரியாணி ஸ்டால், மருதாணி ஸ்டால், ஒரு கவாலி, நிறைய செல்பி. பிரியாணிக்கு நான் எதிரி இல்லை, டாக்டர்தான் எதிரி. ஆனால் அதோடு முடிந்தால் அது கொண்டாட்டம் ஆகாது, விருந்து. முஸ்லிம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிடும். நம் கோவையிலேயே தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் இருக்கின்றன, வீட்டில் உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மலையாளம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சமையலும் வேறு, கல்யாண வழக்கமும் வேறு. பள்ளப்பட்டிக் கிளையில் இருந்தபோது வெளியூர் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்களின் கணக்கு நிறையப் பார்த்தேன். அவர்கள் பேசிய கரூர் வட்டாரத் தமிழுக்கும் பக்கத்து ஊர்க் கவுண்டர் பேசிய தமிழுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கல்லூரி மாணவர்கள் இப்படிப்பட்டதைச் சேகரித்துச் சொன்னால் அதுதான் மரபு நாள்.

இதுவரை பேசியது சுலபமான பகுதி. இனி கொஞ்சம் கஷ்டமானது.

கோவைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு வெறும் இலக்கியப் பேச்சாக இருக்க முடியாது. 1997 நவம்பர் கடைசியில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தார்கள். இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் அந்த நாட்களை மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கடைவீதி ஷட்டர்கள் இறங்கிக் கிடந்ததும், எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கலந்திருந்த தெருக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தன. அங்கிருந்தவர்கள் இங்கே வந்தார்கள், இங்கிருந்தவர்கள் அங்கே போனார்கள். குற்றம் செய்தவர்களைக் கோர்ட்டு விசாரித்துத் தண்டித்தது. ஆனால் சந்தேகத்துக்கு மட்டும் எந்தக் கோர்ட்டும் காலக்கெடு வைக்கவில்லை.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், கோட்டைமேட்டில் சங்கமேஸ்வரர் கோயில் எதிரே ஒரு கார் வெடித்தது. ஊர் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களில் அந்தப் பகுதி ஜமாஅத் பெரியவர்கள் கோயிலுக்குப் போய் அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசினார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவர்கள், அது மாறாது என்று சொல்லப் போனார்கள். கோயிலிலும் அவர்களை மரியாதையாக வரவேற்றார்கள். செய்தித்தாளில் சின்னச் செய்தியாக வந்தது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய செய்தி. இரண்டு பக்கமும் ஒருவருக்கு ஒருவர் பிணை நின்றார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். ஒரு தமிழ்ப் பேராசிரியை. என் மகளுக்குத் தெரிந்தவர். கல்லூரியில் சீறாப்புராணமும் பாடம் நடத்துவார், திருப்பாவையும் பாடம் நடத்துவார். கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு பிளாட் தேடினார். போனில் பேசும்போது எல்லாம் சரியாக இருக்கும். “வாங்க மேடம், வந்து பாருங்க” என்பார்கள். பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரரின் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்துவிடுவார். அல்லது அந்தக் கட்டடம் திடீரென்று சைவம் மட்டும் ஆகிவிடும். மூன்று குடியிருப்புகளில் இப்படி நடந்தது. கடைசியில் கல்லூரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் வீடு கிடைத்தது.

அந்த மூன்றில் நம் குடியிருப்பு இல்லை. ஆனால் அவர் நம் கேட்டுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இங்கே யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. வாடகை ஒழுங்காக வர வேண்டும், அட்வான்ஸ் வேண்டும், ஆதார் நகல் வேண்டும், எல்லாம் சரி. கடன் கொடுக்கும்போது வங்கியில் நாங்கள் பார்ப்பது வருமானம், பழைய கணக்கு, ஜாமீன். இந்த மூன்றும் சரியாக இருந்தும் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அது எச்சரிக்கை ஆகாது. நல்ல வாடிக்கையாளரை இழப்பதும், ஒரு மனுஷியை அவமானப்படுத்துவதும்தான் அதில் நடக்கும்.

கல்லூரி மேடையில் நம் பிள்ளை மானுக்குப் பிணை நின்ற கதையைச் சொல்லிப் பரிசு வாங்குகிறாள். நாம் கைதட்டுகிறோம். அந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு வீடு கொடுக்க ஊரில் ஆளில்லை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள், கணக்கு நேராகிறதா? பிள்ளைகளை ஏன் இழுக்கிறார்கள் என்று நண்பர் கேட்டார். கல்லூரி அவர்களை இழுத்ததில் எனக்குக் கவலை இல்லை. கல்லூரியில் கற்றதை வீட்டுக்கு வந்ததும் மறக்கவைக்கிறோமே, அதுதான் கவலை.

ஆகவே மூன்று யோசனைகள். அடுத்த செயற்குழுவில் இவற்றை எழுத்தாகக் கொடுக்கிறேன்.

ஒன்று, நம் நூலகத்தில் ஒரு தட்டு. உரையோடு சீறாப்புராணம், உவைஸ் தொகுதிகள், நீதிபதி இஸ்மாயிலின் கம்பன் நூல்கள், அப்துல் ரகுமான், மேத்தா. கதை பிடித்தவர்களுக்குத் தோப்பில் முகமது மீரானின் சாய்வு நாற்காலி, சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை, பழனிப் பக்கத்து மனிதர்களை எழுதும் கீரனூர் ஜாகிர்ராஜாவின் மீன்காரத் தெரு. முதல் தவணையாக என் பங்குக்கு இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன். ரசீது வேண்டும்!

இரண்டு, பொங்கல் விழாக் கலை நிகழ்ச்சியில் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம். சீறாப்புராணமோ தேம்பாவணியோ திருவாசகமோ, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் இல்லாத ஒரு நூலை எடுத்துப் பேச வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

மூன்று, அலுவலகத்தில் ஒரு நோட்டு. வீடு தேடி வருகிறவர்களுக்கு அறிமுகம் சொல்லவும், உரிமையாளரோடு உட்கார்ந்து பேசவும் தயாராக இருக்கிறவர்கள் அதில் பெயர் எழுதலாம். பெயரைக் கேட்டுத் தயங்கும் உரிமையாளரிடம் செயலாளர் அந்த நோட்டைக் காட்டட்டும். “இவங்க இத்தனை பேர் பொறுப்பு ஏத்துக்கறாங்க, நீங்க வருமானத்தையும் பழைய வீட்டுக்காரர் சொல்றதையும் மட்டும் பாருங்க” என்று சொல்லட்டும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. சந்தேகப்படுகிறவருக்குத் தைரியம் வர அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்தை விடப் பெரிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி. அவர் கேட்டிருக்காவிட்டால் நான் இவ்வளவையும் தேடிப் படித்திருக்க மாட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், குரூப்பில் வேண்டாம், அங்கே கோபம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

நோட்டு வாங்கி, கோடு போட்டு, அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் கையெழுத்து இருக்கிறது. கீழே நிறைய இடம் இருக்குங்க.